தொலைவிலிருந்து கற்கும் ஃபிளமெங்கோ கிட்டார்



ஒரு மண்ணில் வளர்ந்த இசையைப் பிறிதொரு மண்ணில் இருந்துகொண்டு கற்க இயலுமா என்பது பழைய வினா. ஊர் விட்டு ஊர் வந்து, குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிவைக்க ஆசிரியரைத் தேடி அலைந்த நமக்கு அவ்வினா புதிதன்று. இன்று அதனை ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ கிட்டாரை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம்.

ஸ்பெயினின் தென்பகுதி அந்தலூசியா எனப்படும். அங்கே காதிஸ், ஹெரெஸ், செவில் முதலிய ஊர்களில் வாழ்ந்த ஜிப்ஸி மக்களும் பிற எளிய மக்களும் சேர்ந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கலைக்கு உருவம் தந்தனர். ஜிப்ஸிகளின் முன்னோர் இந்தியாவிலிருந்து சென்றவர்கள் என்பதை அவர்தம் மொழி காட்டுகிறது. அதனால் ஃபிளமெங்கோ நம் இசையே என்று உரிமை கொண்டாடுவாரும் உளர், அது மிகை. பல இனத்தாரும் கலந்து வாழ்ந்த அந்தலூசியாவிலேதான் அது பிறந்தது.

இதற்கெனச் செய்யப்படும் கிட்டாரின் முதுகும் பக்கங்களும் பெரும்பாலும் சைப்ரஸ் மரத்தால் ஆனவை. எடை குறைவு; தந்திகளும் தாழ்ந்திருக்கும். ஆதலின் ஒலி சட்டென எழுந்து சட்டென அடங்கும். விரல்களை விசிறிபோல் விரித்துத் தந்திகளை வரிசையாக அடிப்பது 'ரஸ்கெயாதோ'. வாசிக்கும்போதே விரலால் மேற்பலகையைத் தட்டுவது 'கோல்பே'. பலகை தேயாதிருக்க அதன்மேல் ஒரு காப்புத் தகடு ஒட்டப்பட்டிருக்கும். சுர அமைப்பில் நம் தோடி மேளத்தின் சுரங்களும், வகுளாபரண மேளத்தின் சுரங்களும் இவ்விசையில் மிகுதியாக வருவதைக் கேட்போர் உணரலாம். கமகம் முதலியன வேறாதலின், இராகம் ஒன்றே எனல் ஆகாது.

இவற்றையெல்லாம் பயிற்சியால் எங்கிருந்தும் கைவரச் செய்யலாம். இடர்ப்பாடு தாளத்தில் தொடங்குகிறது. 'சொலேயா' என்னும் பாட்டு வகைக்குச் சுற்றொன்றுக்குப் 12 எண்ணிக்கை. 3, 6, 8, 10, 12 ஆகிய இடங்களில் அழுத்தம் விழும். கையால் தட்டிப் பாருங்கள். தாளம் போட்டுப் பழகிய நமக்குக் கணக்கு எளிதாகவே தோன்றும். ஆயினும் 'கொம்பாஸ்' என்று அவர்கள் சொல்வது கணக்கு மட்டுமன்று. பாடகர் ஓரடியை நீட்டுவார். ஓரிடத்தில் மூச்சு வாங்குவார். அவர் எங்கே முடிப்பார் என்பதை முன்னறிந்து கிட்டார் விடை சொல்ல வேண்டும். பாட்டே இக்கலையின் முதல்; கிட்டார் அதற்குப் பக்கவாத்தியமாக வளர்ந்தது. கைதட்டலும் பாட்டும் நிறைந்த வீட்டில் வளரும் குழந்தை, கிட்டாரைத் தொடுமுன்னரே கொம்பாஸை அறிந்துவிடுகிறது.

தொலைவில் கற்பவரோ ஒலிப்பதிவை வைத்துக்கொண்டு, விரைந்தோடும் பகுதிகளை மட்டும் ஆண்டுக்கணக்கில் பயில்கிறார். விரல் பறக்கிறது, கேட்போர் வியக்கின்றனர். ஒருநாள் பாடகர் ஒருவர் எதிரே அமர்ந்து பாடத் தொடங்கியதும் கை நின்றுவிடுகிறது. உழைப்பில் குறையில்லை, உழைத்த இடம் வேறு.

எனில், வெளியார்க்கு இக்கலை எட்டாததோ? அன்று. 1960களில் அமெரிக்கர் பலர் செவிலுக்கு அருகிலுள்ள மொரோன் என்னும் சிற்றூருக்குச் சென்று, தியேகோ தெல் காஸ்தோர் என்ற கலைஞரின் அருகிருந்து கேட்டுப் பழகினர். சபிகாஸ் என்னும் பெருங்கலைஞர் 1936இல் தாயகம் நீங்கி, மெக்சிகோவிலும் பின்னர் நியூயார்க்கிலும் வாழ்ந்தார். 1963இல் அங்கே அவரைச் சந்தித்த இளைஞர் பாக்கோ தெ லூசியாவிடம், பிறர் இசையை விடுத்துச் சொந்த இசையை வாசி என்று அறிவுறுத்தினார். பிற்காலத்தில் அவ்விளைஞரே ஃபிளமெங்கோ கிட்டாரின் போக்கை மாற்றினார். நெதர்லாந்தின் ராட்டர்டாம் இசைக் கல்லூரியில் 1985 முதல் பாக்கோ பெஞ்ஞா கற்பித்தார். ஜப்பானிலும் ஃபிளமெங்கோ ஆடலுக்கும் கிட்டாருக்கும் பயிற்சிப் பள்ளிகள் பல உண்டு.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? தொலைவில் கற்பவர் முதலில் கிட்டாரை ஒருபுறம் வைத்துவிட்டுக் கைதட்டப் பழகுக. பலவற்றையும் நுனிப்புல் மேயாது, ஒரு பாட்டு வகையையே சில திங்கள் கேட்டு, அடியின் தொடக்கமும் முடிவும் காதில் படியச் செய்க. பின்னர் பாடுவோர் ஒருவரையோ, ஆடல் வகுப்பு ஒன்றையோ தேடி, எளிய பக்கவாத்தியமேனும் வாசிக்க முற்படுக. விரைவு பிறகு வரும். வராவிடினும் இழப்புப் பெரிதன்று.

இவ்வுண்மையை நம்மவர் முன்பே அறிந்திருந்தனர். 1952இல் மும்பையில் தோன்றிய ஷண்முகானந்த சபை போன்றவற்றை அமைத்தோர், பாடுவார்க்கு மேடை மட்டுமன்றி, தாளம் போட்டுக் கேட்கும் கூட்டத்தையும் உண்டாக்கினர். பிறந்த மண்ணை உடன் கொண்டு செல்ல இயலாது. கூடியிருந்து கேட்கும் நால்வரைச் சென்ற இடத்திலும் சேர்த்துக்கொள்ளலாம். இசை கற்பார்க்கு முதல் தேவை அதுவே.