ஒவ்வொரு தொட்டிக்கும் தனி ஒத்திகை

2012 ஜனவரி 13 இரவு, இத்தாலியின் ஜிலியோ தீவுக்கு அருகே கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில் ஏறிய சுமார் 700 பயணிகளுக்கு உயிர்காப்பு ஒத்திகை நடந்திருக்கவில்லை. மறுநாள் நடத்துவதாக இருந்தது. பயணிகள் ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று அப்போதைய சர்வதேச விதி இடம் கொடுத்திருந்தது. 2015 ஜனவரி 1 முதல் அந்தச் சலுகை போய்விட்டது. கப்பல் கிளம்பும் முன்போ, கிளம்பிய உடனேயோ ஒத்திகை நடந்தாக வேண்டும். ஒரு பயணம் முடிந்து, இறங்காமல் அடுத்த பயணத்தையும் தொடர்பவர்களைக்கூட பல கப்பல் நிறுவனங்கள் மறுபடி அழைக்கின்றன. ‘போன வாரம்தானே செய்தேன்’ என்ற பேச்சு அங்கே எடுபடாது.

இந்த விதி நடைமுறைக்கு வந்த அதே மாதத்தின் கடைசி நாளில், ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இரவில் உடைந்து, பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்பில் படுத்திருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். உடையும் சுவருக்கு ஒத்திகை மருந்தாகாது. அதற்குக் கட்டியவரும் அனுமதித்தவரும்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால், அந்தச் சுவருக்கு அப்பால் என்ன தேங்கி நிற்கிறது, சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதை அங்கே படுக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது அவர்களுடைய உரிமை.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் இந்தத் தோல் வட்டாரத்தில் சுவரைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். பிறகு குரோம் ஏற்றுவதற்கு முன் உப்பும் அமிலமும் கலந்த நீரில் தோலைப் போடுகிறார்கள். இந்த இரண்டு கழிவும் ஒரே கால்வாயில் சந்தித்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். கழிவு நாள்கணக்கில் தேங்கி அழுகினாலும் அதே வாயுதான். காற்றைவிடக் கனமானது என்பதால் கழிவு சேரும் தொட்டிக் குழியின் அடியிலேயே தங்கும். மேலே பார்த்தால் வெறும் சேறுதான் தெரியும். கம்பால் கலக்கியதும் வாயு குபீரென்று வெளியேறும்.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உஷாராகிவிடலாம் என்று பழைய ஆட்கள் நம்புகிறார்கள். கொடுமை அங்கேதான் இருக்கிறது. காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு அளவுக்கு இந்த வாயு கலந்தாலே மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதே, வாயு போய்விட்டது என்று நினைத்துத் தொட்டியைக் கழுவ இறங்குபவர், அளவு இன்னும் சில மடங்கு கூடியிருந்தால் கூப்பிடக்கூட நேரமில்லாமல் விழுவார். இருபது வருட அனுபவம் இங்கே கைகொடுக்காது. அந்த அனுபவம் தரும் துணிச்சல்தான் ஆளை உள்ளே இறக்கிவிடுகிறது.

ஒருவர் விழுந்ததும் மேலே நிற்பவர் சும்மா இருப்பாரா? தம்பியோ, மாமனோ, ஒரே ஊர்க்காரரோ ஆயிற்றே! பதறிக் குதிப்பார். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986-இல் வெளியிட்ட அறிக்கை, மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்றது. பாசத்தில் செய்யும் காரியத்தைத் தடுப்பது எச்சரிக்கைப் பலகையால் ஆகாது. கயிற்றை இழுப்பது யார், ஓடிப்போய் ஆளைக் கூப்பிடுவது யார், யாருமே இறங்கக் கூடாது என்பதையெல்லாம் செய்து பார்த்துப் பழகியிருந்தால்தான் அந்த நிமிடத்தில் கை தானாக வேலை செய்யும்.

நம் சட்டம் இதை அறியாததல்ல. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவு தெளிவாகவே எழுதி வைத்தது: வாயு இல்லை என்று தகுதியுள்ளவர் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும், இல்லையென்றால் இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்திருக்க வேண்டும், அவர் இடுப்பு வாரில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்பவர் பிடித்திருக்க வேண்டும். போபால் விஷவாயு விபத்துக்குப் பின், 1987-இல் சேர்த்த அத்தியாயம் தோல் பதனிடுதலை ஆபத்தான தொழில்களின் பட்டியலில் வைத்தது. ஆபத்து இன்னதென்று தொழிலாளிக்குச் சொல்வதையும் கட்டாயமாக்கியது.

ஆனாலும் நம் ஒத்திகைகள் நாள்காட்டியைப் பார்த்தே நடக்கின்றன. மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள் என்றால் உறுதிமொழி. ஏப்ரல் 14 தொடங்கும் தீத்தொண்டு வாரத்தில் தீயணைப்புக் கருவியோடு ஒரு செயல்விளக்கம், போட்டோ, பதிவேட்டில் கையெழுத்து. அதில் நிற்பவர்கள் நிரந்தரத் தொழிலாளர்கள். தொட்டி கழுவக் கான்ட்ராக்டர் கூட்டி வரும் நான்கு பேர் இன்று ஒரு ஷாப், நாளை இன்னொரு ஷாப் என்று சுற்றுகிறவர்கள். மே மாதம் வருபவருக்கு மார்ச் உறுதிமொழியால் என்ன பயன்? அவர்கள்தான் நம் ஊரின் தொடர் பயணிகள். அவர்கள் இறங்கும் ஒவ்வொரு குழிக்கும் ஆழம் வேறு, வாய் அகலம் வேறு, உள்ளே வந்து சேரும் குழாய் வேறு. நேற்றைய ஷாப்பில் கற்றது இன்றைய குழிக்குச் செல்லாது.

கப்பல் விதியின் உயிர்நாடி இதுதான்: ஏறும் ஒவ்வொரு முறையும், கிளம்புவதற்குள். அதை அப்படியே இங்கே கொண்டுவரலாம். மூடியைத் திறப்பதற்கு முன் கால்மணி நேரம் வேலையை நிறுத்த வேண்டும். வாயுமானியைக் குழிக்குள் இறக்கி, அளவை இறங்கப் போகிறவரின் கண்ணிலேயே காட்ட வேண்டும். தோல் பதனிடும் டிரம்மிலிருந்து வரும் வடிகால்களை அடைக்க வேண்டும். வாரையும் கயிற்றையும் மாட்டி, ஒரு முறை இழுத்துப் பார்க்க வேண்டும். சொல்வது தமிழில் மட்டும் என்றால் வங்காளத்திலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவருக்குப் பாதிதான் புரியும். அவர் மொழியில் சொல்ல ஒருவர் வேண்டும். கான்ட்ராக்டரின் ஆள் என்று முதலாளி கைகழுவ முடியாதபடி, நடந்த ஒத்திகைக்கு ஷாப் மேலாளரே கையெழுத்திட வேண்டும். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் சோதனைக்கு வரும்போது மார்ச் மாதப் போட்டோவைக் கேட்க வேண்டாம். கடைசியாகத் தொட்டி கழுவிய தேதியையும், அன்று மூடி திறப்பதற்கு முன் எழுதிய வாயு அளவையும் கேட்கட்டும்.