பிறேக் பாட் மாற்றும் நாளைத் தீர்மானிப்பது யார்?

எமது மாதர் சங்கத்தின் சுற்றுலாவுக்கு நுவரெலியா என்று முடிவாகி, புறப்பட ஒன்பது நாட்கள் இருந்தன. பன்னிரண்டு பெண்கள். அவர்களில் ஏழு பேர் தனியாகக் குடும்பத்தைச் சுமப்பவர்கள். கிளிநொச்சியை விட்டு மலையைப் பார்க்கப் போவது பலருக்கு அதுவே முதற்தடவை. மாதம் மாதம் சேர்த்த காசு. போவதற்கு எமது நிறுவனத்தின் பழைய வான் இருந்தது.

வானின் சாரதி அறுபதை நெருங்கியவர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணை என்றே கூப்பிடுவோம். பரந்தன் சந்தியில் பிறேக் பிடிக்கும்போது "கிறீச்" என்ற மெல்லிய சத்தம் கேட்டு, "அண்ணை, பிறேக் பாட் தேய்ஞ்சிட்டுதோ?" என்று கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை. சில்லுக்குள்ளால பார்த்தனான். அரைவாசி இருக்கு. புழுதிச் சத்தம் அது. சுற்றுலா முடிய மாத்துவம்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே பார்த்திருந்தார். கணக்குப் பார்க்கும் தங்கச்சியும் அதையே விரும்பினாள், ஏனெனில் அந்த மாதம் கையில் காசு இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், 2022இல் ரூபாவின் பெறுமதி விழுந்ததும் நாம் அறிந்தவை. இறக்குமதிக்கு 2025இல் மீண்டும் வழி திறந்தபோதிலும், எம்மைப் போன்ற சிறு அமைப்புகளுக்குப் பழைய வண்டிதான் கதி. உதிரிப்பாக விலையைக் கேட்டால் "பிறகு பார்ப்பம்" என்றே வாய் சொல்லும்.

"பிறகு பார்ப்பம்" என்பது வன்னிக்குப் பழகிய சொல். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல், ஒரு சொட்டுப் பெற்றோலில் இயந்திரத்தை எழுப்பி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய ஊர் இது. என் அப்பாவின் சைக்கிளுக்குப் பிறேக் கட்டை பழைய ரயரில் வெட்டியதுதான். மழைக்கு அது பிடிக்காது. அப்பா காலை நிலத்தில் தேய்த்து நிறுத்துவார், அதனால் அவரது வலக்கால் செருப்பே முதலில் தேயும். இருப்பதை வைத்துச் சமாளிக்கும் அந்தத் திறமை எங்களைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் கடை திறந்திருக்கும் காலத்திலும் அதே பழக்கம் தொடர்கிறது.

இன்னொரு காரணம் எமது நிலம். வன்னி தட்டையானது. ஏ9 வீதியில் மாடு குறுக்கே வந்தால் ஒரு தடவை அழுத்துவோம், அவ்வளவுதான். தேய்ந்த பாடும் அதற்குப் போதும் என்று தோன்றும். நுவரெலியாவோ கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. றம்பொடை வழியாகத் திரும்பி இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிறேக் வேண்டும். பாட் டிஸ்க்கில் உரசிச் சூடேறும். மெலிந்த பாட் அந்தச் சூட்டைத் தாங்காமல் பின்னாலுள்ள பிறேக் ஒயிலுக்குக் கடத்திவிடும். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல இழுக்கும் தன்மை கொண்டது. பழைய ஒயில் கொதித்தால் குமிழி உண்டாகி, மிதித்த கால் சும்மா உள்ளே போகும். அதனாற்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயிலை மாற்றச் சொல்கிறார்கள்.

இதை யோசித்தபோது எனக்கு இரவு நித்திரை வரவில்லை. மறுநாள் வானைக் கராஜுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். அண்ணைக்கு முகம் கறுத்தது. முப்பது வருடம் வண்டி ஓடியவரிடம் சைக்கிளும் ஸ்கூட்டியும் மட்டுமே ஓடத் தெரிந்த ஒரு பெண் சொல்வதென்றால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். "அண்ணை, உங்கட கண்ணை நம்புறன். சில்லைக் கழற்றிப் பார்த்தாப் பிறகு நீங்களே சொல்லுங்கோ" என்றேன்.

முன் சில்லைக் கழற்றினார்கள். ஒரு டிஸ்க்குக்கு இரண்டு பாட்கள், வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. வெளிப்பாட் அண்ணை சொன்னது போலவே அரைவாசி இருந்தது. உள்பாட்டில் ஒரு தீக்குச்சித் தடிப்புத்தான் மிச்சம். பாட்டை நகர்த்தும் கலிப்பரின் ஊசி சேறும் புழுதியும் ஏறி இறுகி, ஒரு பக்கமே தேய்ந்திருக்கிறது. வெளியே நின்று பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. அண்ணை நெடுநேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு, "மாத்துவம் பிள்ளை" என்றார்.

மெக்கானிக் தம்பி சொன்னதைக் கேட்டு எழுதி வைத்தேன். புதுப் பாட் பெரும்பாலும் 10 முதல் 12 மில்லிமீற்றர் இருக்கும். 3 மில்லிமீற்றருக்கு வந்தால் மாற்ற வேண்டும். பல பாட்களில் ஒரு சிறு தகடு உண்டு. குறிப்பிட்ட அளவு தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசி "கிறீச்" என்னும். நாங்கள் புழுதி என்று நினைத்தது அதைத்தான். அதையும் விட்டால் இரும்போடு இரும்பு அரையும் "கறகற" சத்தம் வரும். அப்போது டிஸ்க்கும் கீறுப்பட்டு, செலவு பலமடங்காகும். பிறேக் ஒயில் மட்டம் இறங்கினாலும் உடனே ஊற்றி நிரப்பிவிடாமல், பாட் தேய்ந்ததா, எங்காவது ஒழுகுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி பக்கம் இழுக்கும், எனவே இரு முன்சில்லுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். மாற்றியதும், புறப்படுமுன் பெடலைப் பலமுறை மிதித்து இறுக்கம் வந்ததா என்று பார்ப்பது அவசியம். முதல் இருநூறு முந்நூறு கிலோமீற்றருக்குச் சடுதியாக அழுத்தக்கூடாது.

வருட வரிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை செய்கிறோமே என்று ஒரு சகோதரி கேட்டார். அது புகையை மட்டுமே அளக்கும், பிறேக்கைப் பார்க்காது.

ஸ்கூட்டி ஓடும் சகோதரிகளுக்கும் ஒன்று. பல ஸ்கூட்டிகளில் இருப்பது டிரம் பிறேக், அதாவது உள்ளே மறைந்த பிறேக் சூ. கைப்பிடியை முன்பைவிட அதிகம் இழுக்க வேண்டியிருந்தால் கம்பியை இறுக்கிக்கொண்டே போகாமல், சூவைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளம் கடந்த பிறகு மெதுவாக ஓடிக்கொண்டே இரண்டு மூன்று தரம் இலேசாகப் பிடித்து அதைக் காயவைக்க வேண்டும். பழைய லைனர்களில் கல்நார் கலந்திருக்கும், எனவே அந்தத் தூசியை வாயால் ஊத வேண்டாம். நெஞ்சுக்குக் கூடாது.

பிறேக் விடயம் ஆண்களுக்குரியது என்று சொல்பவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்வேன். 1888 ஓகஸ்டில் ஜேர்மனியில் பேர்த்தா பென்ஸ் என்ற பெண், கணவர் கார்ல் பென்ஸ் செய்த காரை அவருக்குச் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, இரு மகன்மாருடன் மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்குப் போனார். தூரம் ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். இறக்கத்தில் மரப் பிறேக் கட்டை தேய்ந்துபோக, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரைக் கொண்டு அதற்குத் தோல் அடிப்பித்தார். இன்றைய பிறேக் லைனரின் தொடக்கமாக இதைச் சொல்வார்கள்.

செலவை எங்கே எடுப்பது என்பது பெரிய வாக்குவாதமாயிற்று. சங்கக் கூட்டத்தில் தேய்ந்த பாட்டையும் புதுப் பாட்டையும் பாயில் வைத்தேன். இரண்டும் கை மாறி மாறிச் சுற்றி வந்தன. கடைசியில் வயதில் மூத்த அம்மா ஒருவர், "இரண்டு இரவு தங்க வேண்டாம், ஒரு இரவு போதும்" என்றார். எல்லோருக்கும் சம்மதமில்லை. பூங்காவில் இன்னொரு நாள் நிற்க ஆசைப்பட்ட இளம் பிள்ளைகள் இருவர் கோபித்துக்கொண்டனர். எனினும் கையுயர்த்தியதில் ஒரு இரவு என்றே தீர்ந்தது.

இறங்கும்போது மழைப்புகார். அண்ணை இரண்டாம் கியரிலேயே வந்தார், பிறேக்கை விட்டுவிட்டுத்தான் பிடித்தார். ஒரு வளைவில் எமக்கு முன்னால் போன லொறியிலிருந்து கருகிய மணம் வந்தது. பின்னாலிருந்து ஒரு அம்மா, "அண்ணை, இது எங்கட வானிலயோ?" என்று கேட்டார்.

"இல்லை அக்கா, அது அவங்கட" என்றார் அண்ணை.