உங்களுக்குத் தெரியுமா? கைமாறும் கால்நடை மருத்துவமனைகள்

● பிரிட்டனில் 2013-இல் சுமார் 10 சதவீதக் கால்நடை மருத்துவமனைகளே பெருங்குழுமங்களின் வசம் இருந்தன. பத்தே ஆண்டுகளில் அது ஏறத்தாழ 60 சதவீதமாகிவிட்டது.

● கால்நடை மருத்துவர் அல்லாதவர்களும் மருத்துவமனைக்கு உரிமையாளராகலாம் என்று 1999-இல் விதி தளர்ந்தது, முதலீட்டாளர்கள் நுழைந்தார்கள். இன்று ஆறு குழுமங்கள் கோலோச்சுகின்றன. அவற்றுள் ஒன்றான லினேயஸ், சாக்லேட்டுக்குப் பெயர்போன மார்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தம்.

● கைமாறிய பின்னும் பல இடங்களில் பழைய பெயர்ப்பலகையே தொடர்வதால், முதலாளி மாறியது மக்களுக்குத் தெரிவதில்லை. கட்டண உயர்வு குறித்த கவலையும் சேர்ந்துகொள்ள, சந்தைப் போட்டி ஆணையம் 2024 மே மாதம் முறையான விசாரணையைத் தொடங்கியது.

● ஜேம்ஸ் ஹெரியட் என்ற புனைபெயரில் கிராமத்துக் கால்நடை மருத்துவரின் வாழ்வை உலகறியச் செய்தவர் ஆல்ஃப் வைட். யார்க்‌ஷயரின் தர்ஸ்க் ஊரில் அவர் மருத்துவம் பார்த்த வீடு இன்று அருங்காட்சியகம்.

● பண்ணை மருத்துவம் என்றால் நெடுந்தொலைவுப் பயணம், நள்ளிரவு அழைப்பு, கடும் உடலுழைப்பு. அதனால் இளம் மருத்துவர்கள் பலர் நகரத்துச் செல்லப்பிராணிச் சிகிச்சையை நாடுகிறார்கள். கன்று ஈன முடியாமல் தவிக்கும் பசு விடியும்வரை காத்திருக்காது. எட்டும் தொலைவில் ஒரு மருத்துவரைத் தக்கவைப்பது எந்த நாட்டு அரசுக்கும் கடமை.