மோசக்காரன் கதாநாயகன் ஆகலாமா?

நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியே களியக்காவிளைக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலைக்கு இப்போது எண் 66. முன்பு எண் 47. அந்தப் பழைய எண்ணையே பெயராக வைத்து 1984இல் மலையாளப் படம் ஒன்று வந்தது. பேபி இயக்கிய ‘என்.எச். 47’ என்ற அந்தப் படத்துக்கு ஆதாரம், அவ்வாண்டு ஜனவரியில் இதே சாலையில் ஆரம்பித்த ஒரு கொலை.

அபுதாபியில் வேலை பார்த்து வந்த சுகுமாரக் குறுப்பு, தாம் விபத்தில் இறந்துவிட்டதாகக் காட்டி இன்ஷூரன்ஸ் பணத்தைப் பெறத் திட்டமிட்டார். அதற்குத் தம் உருவத்துக்கு ஒத்த ஒரு பிணம் வேண்டும். ஆலப்புழையைச் சேர்ந்த சாக்கோ, தியேட்டர்களில் வசூல் கணக்குப் பார்க்கும் படப் பிரதிநிதி. வேலை முடிந்து இரவில் வீடு திரும்பச் சாலையில் நின்றவரை, வழியில் இறக்கிவிடுவதாகச் சொல்லிக் காரில் ஏற்றிக் கொன்றார்கள். அப்போது அவர் மனைவி கர்ப்பிணி. உடலை அம்பாசிடர் காரில் வைத்து, மாவேலிக்கரை அருகே குன்னத்தில் வயலோரம் கொளுத்தினார்கள்.

கருகிய உடலின் மூச்சுக்குழாயில் புகைக்கரி இல்லை. தீ வைக்குமுன்பே உயிர் போய்விட்டது என்பதைப் பிரேதப் பரிசோதனை காட்டிக் கொடுத்தது. குறுப்பின் உறவினர் ஒருவரும் கார் டிரைவரும் ஆயுள் தண்டனை பெற்றனர். குறுப்பு மட்டும் அகப்படவேயில்லை.

‘என்.எச். 47’ படத்தில் இந்த மோசக்காரன் வில்லன்தான். 2016இல் அடூர் கோபாலகிருஷ்ணன் எடுத்த ‘பின்னெயும்’ படத்தில், இதே போன்ற இன்ஷூரன்ஸ் மோசடியில் இறங்குபவன் வேலையில்லாமல் அவதிப்பட்ட ஒரு குடும்பஸ்தன். 2021 நவம்பர் 12 அன்று வந்த ‘குறுப்பு’ படத்திலோ அவனே கதாநாயகன். துல்கர் சல்மான் நடிக்க, ஸ்ரீநாத் ராஜேந்திரன் இயக்கிய இந்தப் படம் தமிழிலும் வெளியாயிற்று.

இதில் நாயகன் விமானப் படையில் இருக்கும்போதே பொய்யும் புரட்டுமாகப் பிழைப்பவன். நண்பனையும் ஏமாற்றுவான், உறவையும் பயன்படுத்திக்கொள்வான். விரும்பத்தக்க குணம் ஒன்றுகூட அவனிடம் இல்லை. ஆனால் அவனது உடையும் நடையும் பின்னணி இசையும் பார்ப்போரைக் கைதட்டத் தூண்டுகின்றன. படம் வருமுன் சாக்கோவின் குடும்பத்தார், கொலைகாரனுக்குப் பெருமை சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்புத் தெரிவித்தனர். பின்னர் படத்தைப் பார்த்துவிட்டே ஆட்சேபத்தைக் கைவிட்டனர். ஆயினும் அவர்களின் அச்சம் நியாயமானதே.

மோசக்காரனைப் பற்றிப் படமே எடுக்கக் கூடாது என்று சொல்வதற்கில்லை. அவன் எப்படிப் பேசுவான், எந்த நேரத்தில் வலை விரிப்பான் என்று தெரிந்துகொள்வது நல்லதுதான். 2017இல் எல்லையோரம், பளுகல் அருகே மத்தம்பாலையில் நிதி நிறுவனம் ஒன்று மூடப்பட்டபோது, இரு மாநிலத்து மக்களின் சேமிப்பும் அதில் முடங்கியது. மகளின் கலியாணத்துக்கும் வீடு கட்டவும் ஒதுக்கிய பணத்தை இழந்தவருக்கு, ஏமாற்று வேலையில் ரசிக்க எதுவும் இராது.

படம் பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மோசக்காரனின் சாமர்த்தியத்துக்கு எத்தனை நிமிடம்? ஏமாந்தவனின் வீட்டுக்கு எத்தனை நிமிடம்? மூன்று படங்கள் வந்துவிட்டன. குறுப்பின் பெயர் ஊரெல்லாம் தெரிகிறது. சாக்கோவோ வேலை முடிந்து வீட்டுக்குப் போகக் காத்து நின்ற ஒரு சாதாரண உழைப்பாளி. கடையடைத்து, ஷிப்ட் முடித்து, இரவில் பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் வண்டிக்காக நிற்கும் நம்மவர்கள் எல்லாரும் அவருடைய இடத்தில் நிற்பவர்களே. கைதட்டுமுன் அவரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வது நல்லது.