ஊர் ஊராய்க் குடிமாறிய கிங்ஸ்

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துப் போட்டியில் ஆடும் சேக்ரமென்டோ கிங்ஸ், ராசெஸ்டர் நகரில் 'ராயல்ஸ்' என்ற பெயரில் ஆடிய அணி. 1951-இல் கோப்பை வென்றது; அதன்பின் ஒன்றுகூடக் கிட்டவில்லை, பாவம்! சின்சினாட்டி, கன்சாஸ் சிட்டி என்று குடிமாறி, 1985-இல் சேக்ரமென்டோ வந்தது. 2013-இல் அங்கிருந்தும் சியாட்டலுக்கு மூட்டை கட்டவிருந்த நேரத்தில், மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே தலைமையிலான குழு அணியை வாங்கி நிறுத்தி வைத்தது. 2019 அக்டோபரில் அதே அணி மும்பையில் இண்டியானா பேசர்ஸுடன் மோதியது. இந்தியாவில் நடந்த முதல் என்.பி.ஏ. ஆட்டம் அது. அரங்கு நிறையப் பள்ளிப் பிள்ளைகள். கூடுதல் நேரம்வரை இழுத்துப்போய், 132-க்கு 131 என்று ஒரே புள்ளியில் கிங்ஸ் தோற்றது. மறுநாள் ஆட்டமும் பேசர்ஸுக்கே.