படகு சொல்லும் எடை

யானையின் எடையை எப்படி அறிவது? அதை நிறுக்கும் தராசுக்கு எங்கே போவது?

மராட்டிய மாநிலத்தில் ஒரு பழைய கதை சொல்வார்கள். ஒருவர், ஒரு யானையின் எடைக்கு எடை தானம் செய்ய விரும்பினாராம். யானையை எப்படி நிறுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. சிவாஜியின் தந்தை ஷாஜி வழி சொன்னாராம்.

யானையைப் படகில் ஏற்றினார்கள். படகு தண்ணீரில் அமிழ்ந்தது. தண்ணீர் நின்ற மட்டத்தில் படகின் மேல் ஒரு கோடு போட்டார்கள். யானையை இறக்கியதும் படகு மேலே எழும்பியது. மறுபடி அதே கோடு வரை அமிழும்படி கற்களை ஏற்றினார்கள். பிறகு கற்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தார்கள். கற்களின் எடைதான் யானையின் எடை!

இதற்குக் காரணம் என்ன? மிதக்கும் பொருள் தண்ணீரை விலக்கி இடம் பிடிக்கிறது. விலகிய தண்ணீரின் எடையும் மிதக்கும் பொருளின் எடையும் சமம். மிதத்தல் பற்றிய விதியை 2200 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் எழுதி வைத்தார்.

வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். ஒரு வாளியைத் தாம்பாளத்தில் வையுங்கள். வாளி நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் அரிசி போட்டு, மெதுவாக மிதக்க விடுங்கள். தாம்பாளத்தில் வழிந்த தண்ணீரை அளந்து பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. அரை லிட்டர் வழிந்தால், கிண்ணமும் அரிசியும் சேர்ந்து அரை கிலோ.

இந்தக் கணக்கு ஆற்றைக் கடக்கும் படகுக்கும் பொருந்தும். ஒரு படகு 6 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம். அடிப்பக்கம் தட்டை. பக்கங்கள் செங்குத்து. அது ஒரு சென்டிமீட்டர் அமிழ்ந்தால் 120 லிட்டர் தண்ணீர் விலகும். அப்படியானால் ஏறிய பாரம் 120 கிலோ. ஏறக்குறைய இரண்டு ஆட்களின் எடை. 20 பேர் ஏறினால் படகு 10 சென்டிமீட்டர் அமிழும். 40 பேர் ஏறினால் 20 சென்டிமீட்டர் அமிழும்.

அமிழ அமிழ, படகின் விளிம்பு தண்ணீருக்கு அருகில் வருகிறது. அப்போது சிறிய அலையும் உள்ளே புகும். எல்லோரும் ஒரே பக்கம் நகர்ந்தால் படகு கவிழும்.

இதனால்தான் கப்பல்களின் பக்கத்தில் பார அளவுக் கோடு போடுகிறார்கள். இதற்காகப் பிரிட்டனில் சாமுவேல் பிளிம்சால் என்பவர் போராடினார். 1876-இல் அங்கே சட்டம் வந்தது. கோடு தண்ணீருக்குள் மறைந்தால் பாரம் அதிகம் என்று பொருள்.

2023 மே 7 அன்று கேரளாவில் தானூர் என்ற ஊரில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். அந்தப் படகில் அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தார்கள்.

படகில் ஏறும் முன் கவனியுங்கள். எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறதா? கோடு வெளியே தெரிகிறதா? உயிர்காப்புச் சட்டை இருக்கிறதா? கூட்டம் அதிகமானால் அடுத்த படகில் போகலாம். படகுக்காரர் அவசரப்படுத்தலாம். ஆனால் தண்ணீரின் கணக்கு தவறாது.