புதன்கிழமை ஊசி

புதன்கிழமை காலையில் மாமல்லபுரத்தை ஒட்டிய மீனவக் குப்பங்களில் பால்வாடி வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தால், உள்ளே ஊசி போடுகிறார்கள் என்று அர்த்தம். தமிழ்நாடு முழுக்கவே புதன்தான் ஊசி நாள். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வரும் பெட்டிக்குள், ஐஸ் பேக்குகளுக்கு நடுவே, மருந்துக் குப்பிகள் 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். பி.சி.ஜி. குப்பியையும் தட்டம்மை-ரூபெல்லா குப்பியையும் கரைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மீந்தது வீண். அதனால்தான் "நாளைக்கு வரேன் நர்ஸம்மா" என்கிற தாயை ஊசி போட வந்த செவிலியர் லேசில் விடுவதில்லை. மீன் விற்கப் போன அம்மா திரும்பவில்லையென்றால் பாட்டியிடம் சொல்லி அனுப்புவார். பாட்டியும் வரவில்லையென்றால் வீட்டுக்கே போய் நிற்பார்.

ஊசி போட ஆகும் நேரம் அரை நிமிடம். அதற்கு முன்னால் நடக்கும் பேச்சில்தான் விஷயம் இருக்கிறது. போன ஊசிக்கு ஜுரம் எத்தனை நாள் இருந்தது, பால் நன்றாகக் குடிக்கிறதா, இன்னும் ஏன் தலை நிற்கவில்லை, மூத்த பிள்ளைக்கு வந்த இழுப்பு சரியாகிவிட்டதா. இந்தக் கேள்விகளைக் கேட்க அந்தக் குழந்தையையும் அது பிறந்த வீட்டையும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். சமவெளியில் ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு கிராம சுகாதார செவிலியர் என்பது அரசின் கணக்கு. குழந்தை மருத்துவம் என்றதும் சுவரில் கார்ட்டூன் ஒட்டிய அறையும் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கும் டாக்டரும் நம் மனத்தில் வருகிறார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தின் கடலோரத்தில் பெரும்பாலான குழந்தைகளுக்கு முதல் டாக்டர் இந்தச் செவிலியர்தான். குழந்தைகளைக் காப்பாற்றுவதில் மருந்துக்கும் இயந்திரத்துக்கும் முன்னால் வருவது இந்த அறிமுகம் என்பதே என் எண்ணம். அதை நாம் போதுமான அளவு மதிக்கவில்லை என்பது என் வருத்தம்.

இந்த 5,000 என்ற எண்ணைச் சுற்றிப் பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலேயே ஒரு முயற்சி நடந்திருக்கிறது. சென்னையில் மருத்துவப் பேராசிரியராக இருந்த டாக்டர் கே.எஸ்.சஞ்சீவி 1958-ல் வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். அடையாறு பக்கம் போகிறவர்களுக்கு அது வி.எச்.எஸ். மருத்துவமனை. மருத்துவமனைக்கு வரும் நோயாளியைப் பார்ப்பது வேலையில் பாதிதான் என்பது அவருடைய நிலைப்பாடு. 1960-களின் கடைசியில் தொடங்கி, அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த பரங்கிமலை ஒன்றியத்துக் கிராமங்களில் சிறு சுகாதார மையங்களை அமைத்தார். ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒரு மையம். பகுதி நேர டாக்டர் ஒருவர், வீடு வீடாகப் போகும் ஆண் பணியாளர் ஒருவர், பெண் பணியாளர் ஒருவர். அவர்களோடு அந்தந்தத் தெருவிலேயே வாழும், முதலுதவி கற்றுக்கொடுக்கப்பட்ட பெண்கள். குடும்பத்துக்கு ஒரு பதிவேடு. வருமானத்துக்கு ஏற்றபடி ஒரு சிறு சந்தா. சந்தா வாங்கியதில் ஒரு மரியாதை இருந்ததாகவே எனக்குப் படுகிறது. காசு கட்டிய குடும்பம் "எங்க டாக்டர்" என்று உரிமையோடு கேள்வி கேட்கும்.

இதே மாவட்டத்தின் பெயர் வேறொரு காரணத்துக்காக உலகக் குழந்தை மருத்துவ நூல்களில் இடம்பெற்றிருக்கிறது. 1968 முதல் 1971 வரை, இன்று திருவள்ளூர் மாவட்டமாகிவிட்ட பகுதியில், பிறந்து ஒரு மாதம் ஆன குழந்தை முதல் பெரியவர்கள் வரை இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு பி.சி.ஜி. ஊசியைச் சோதித்தது. 'செங்கல்பட்டு சோதனை' என்றால் எந்த நாட்டுக் காசநோய் நிபுணருக்கும் தெரியும். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. பதினைந்து ஆண்டு தொடர்ந்து பார்த்த முடிவும் அதையே சொன்னது. ஆனாலும் பிறந்த குழந்தையின் இடது தோளில் இன்றும் அந்த ஊசி போடப்படுகிறது. மூளைக்காய்ச்சலாகவும் உடம்பெங்கும் பரவும் காசநோயாகவும் சிறு குழந்தைகளைக் கொல்லும் வகைகளிலிருந்து அது காக்கிறது என்பதற்கு வேறு ஆய்வுகளில் சான்று உண்டு. இத்தனை பெரிய அறிவை உலகத்துக்குக் கொடுத்த கிராமங்களின் பெயர் அந்த நூல்களில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது.

கடலோரக் குழந்தைகளுக்கு வருகிறேன். அவர்களுடைய மருத்துவத்தில் ஒரு பெரிய ஓட்டை விழும் இடம் நம் குடும்ப வழக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். பிரசவம் அங்கே, குழந்தைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆனபின் நல்ல நாள் பார்த்துப் புகுந்த வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். தடுப்பூசி அட்டவணையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறந்தவுடன் போடுவதும் ஆறு, பத்து, பதினான்காவது வாரங்களில் போடுவதும் தாய்வீட்டில். ஒன்பதாம் மாதத் தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் ஒன்றரை வயது ஊசியும் புகுந்த வீட்டில். கர்ப்ப காலம் முழுவதும் அந்தப் பெண்ணை அறிந்திருந்த செவிலியர் ஒருவர். குழந்தையின் முதல் வாரங்களைப் பார்த்தவர் இன்னொருவர். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கொடுக்கும் பிக்மி எண் கம்ப்யூட்டரில் தொடர்ந்து வரும். எடை குறைவாகப் பிறந்தது, பிறந்ததும் அழவில்லை, மஞ்சள் காமாலைக்கு விளக்கடியில் வைத்திருந்தார்கள் என்ற கதை எண்ணோடு சேர்ந்து வருவதில்லை. தாய்க்கு நினைவிருந்தால் உண்டு. அதனால் நல்ல செவிலியர்கள் குழந்தை ஊருக்கு வந்த வாரமே போய்ப் பார்த்து, பழைய அட்டையைக் கையில் வாங்கிக்கொள்கிறார்கள். மசக்கைக் காலத்திலிருந்து தெரிந்தவர் என்பதால் மாமியார் முன்னால் வாய் திறக்காத பெண்ணும் அவரிடம் மனம் விட்டுப் பேசுகிறாள்.

பேச வேண்டியவை நிறைய இருக்கின்றன. பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைப்பது, தெருவில் கழுதையோடு வருபவரிடம் ஒரு சங்கு கழுதைப்பால் வாங்கிப் புகட்டுவது, குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது, வசம்பும் மாசிக்காயும் உரைத்துக் கொடுப்பது, பால் கக்கினால் தொக்கம் எடுக்கக் கூட்டிப் போவது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பாட்டியின் பாசம் இருக்கிறது. எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுவதில் குழந்தைக்கு நன்மையே. மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆக்கும். அதை நிறுத்தியே ஆக வேண்டும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம். "அம்மை போட்டிருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது" என்று வேப்பிலை கட்டிய வீட்டில், தட்டம்மைக்குப் பின் நெஞ்சுச் சளியும் வயிற்றுப்போக்கும் குழந்தையைச் சாய்த்துவிடும், வைட்டமின் ஏ சொட்டு மருந்து கண்ணையும் உயிரையும் காக்கும் என்று சொல்ல, அந்த வீட்டுப் பாட்டிக்கு மதிப்புக் கொடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும். புதிதாக வந்த ஒருவர் இதை அதட்டிச் சொன்னால் அடுத்த முறை கதவு திறக்காது.

நம்பிக்கை எவ்வளவு சீக்கிரம் உடையும் என்பதை இந்தப் பக்கத்து மக்கள் கண்டிருக்கிறார்கள். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் தமிழ்நாட்டில் கிராமங்களுக்குப் போய் ஊசி போடுவதே நிறுத்தப்பட்டு, டாக்டர் இருக்கும் சுகாதார நிலையத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டிய நிலை வந்தது. வீட்டு வாசலுக்கு மீண்டும் ஊசி வந்திருக்கிறதென்றால், அதற்குப் பின்னால் செவிலியர்கள் தாய்மார்களிடம் மறுபடி சம்பாதித்த நல்ல பெயர் இருக்கிறது.

உயிர் காக்கும் வேலையில் பெரும்பகுதி எளிமையானது. சளியோடு வரும் குழந்தையின் சட்டையைத் தூக்கி ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்டது என்றால் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த அளவைத் தொட்டாலோ மீறினாலோ நிமோனியா என்று கருதி உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும். விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்ளே இழுத்தால் ஆம்புலன்ஸ். பேதியென்றால் உப்பு-சர்க்கரைக் கரைசல், கூடவே பதினான்கு நாள் துத்தநாக மாத்திரை. போக்கு நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். பதினான்கு நாளும் கொடுத்தால் அடுத்த சில மாதங்களுக்குப் பேதி வரும் வாய்ப்பும் குறைகிறது. இந்தச் சின்னச் சின்னக் காரியங்கள் ஊர் ஊராக நடந்ததன் பலனும் சேர்ந்துதான் 2020 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் தெரிகிறது: ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒரு வயதுக்குள் இறப்பது இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. இன்னொரு பக்கம், 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்கு உட்பட்ட தமிழ்நாட்டுக் குழந்தைகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை. பிழைக்க வைத்துவிட்டோம், தெம்பாக வளர்க்கவில்லை.

எந்தச் செவிலியரின் பதிவேட்டிலும் நிற்காத குழந்தைகளும் இங்கே இருக்கிறார்கள். செங்கற்சூளைக்கும் மரம் வெட்டுவதற்கும் போகும் இருளர் குடும்பங்கள் சீசன் முடிந்ததும் இடம் மாறுகின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் கட்டட வேலைக்கு வரும் வடமாநிலக் குடும்பங்களுக்குத் தமிழ் தெரியாது. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் 2021 நவம்பர் 4 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் நேரில் வந்து கொடுத்தார். முகவரி இல்லாத குடும்பத்துக் குழந்தைக்கு எந்தக் கதவை நர்ஸம்மா தட்டுவார்? பட்டா என்பது மருத்துவமும்கூட என்று நான் நினைக்கிறேன்.

இருளர்களுக்கு இந்த நாட்டுக் குழந்தைகள் பட்டிருக்கும் கடன் பெரிது. வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் எடுத்துக் கொடுக்கிறது. இந்தியாவின் பாம்புக்கடி மருந்துக்கு மூலப்பொருள் பெருமளவில் இங்கிருந்துதான் போகிறது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்புக்கடி மருந்து பற்றிப் பெற்றோர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. மற்ற மருந்துகளைப் போல எடைக்குத் தகுந்து குறைத்துக் கொடுப்பது இதில் கிடையாது. பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. பெரியவருக்கு எத்தனை குப்பியோ குழந்தைக்கும் அத்தனை. சின்ன உடம்பில் விஷம் வேகமாக ஏறும் என்பதால் கட்டுப் போட்டு, கீறிவிட்டு, மந்திரித்து நேரம் கழிப்பதற்கு இடமே இல்லை.

மாலையில் செங்கல்பட்டிலும் திருக்கழுக்குன்றத்திலும் குழந்தை டாக்டர்களின் கிளினிக்குகளுக்கு முன்னால் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கும் குடும்பங்களைப் பார்க்கலாம். ஊரில் இலவச மருத்துவம் இருக்கும்போது கூலி வேலை செய்பவர் ஏன் காசு செலவழித்து இங்கே வருகிறார்? "கைராசி டாக்டர்" என்பார்கள். விசாரித்தால் அவர்தான் மூத்த பிள்ளையையும் பார்த்தவர், எந்த மருந்து இந்தக் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாது என்று கேட்காமலே தெரிந்தவர் என்று பதில் வரும். அரசு மருத்துவமனையில் அன்றன்றைக்கு யார் இருக்கிறாரோ அவர்தான் டாக்டர். மக்கள் காசு கொடுத்து வாங்குவது அந்தத் தொடர்ச்சியை. எந்தச் சளிக்கும் ஆன்டிபயாடிக் எழுதித் தரும் பழக்கம் சில கிளினிக்குகளில் இருப்பதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தத் தொடர்ச்சியை அரசும் கொடுக்க முடியும்.

கட்டடத்துக்கு நம்மிடம் குறைவில்லை. செங்கல்பட்டில் 1965 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2019 நவம்பர் 29 முதல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகவும் ஆகிவிட்டது. பக்கத்திலேயே திருமணியில் மத்திய அரசு நிறுவனமான எச்.எல்.எல். பயோடெக்கின் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் ஏறக்குறைய 100 ஏக்கரில் நிற்கிறது. 2012-ல் 594 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்த திட்டம். குழந்தைகளின் ஊசிகளை இங்கேயே செய்வதுதான் நோக்கம். கொரோனா உச்சத்தில் இருந்த 2021 மே மாதம் முதலமைச்சர் வந்து பார்த்தபோதும் அங்கே தடுப்பூசி உற்பத்தி தொடங்கியிருக்கவில்லை. தமிழ்நாடு குத்தகைக்கு எடுத்து நடத்தத் தயார் என்று பிரதமருக்குக் கடிதமும் போனது. புதன்கிழமைப் பெட்டிக்குள் இருந்த குப்பிகள் அன்று வேறெங்கோ தயாராகி வந்ததை நினைத்தால், இந்த வளாகம் கண்ணில் படும்போது வயிறு எரிகிறது.

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு ஜி.எச்.சுக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். இழுப்பு வந்த குழந்தைக்கு 108 இருக்கிறது. ஆனால் எடை ஏறாத குழந்தை, பேச்சு தள்ளிப்போகும் குழந்தை, அடிக்கடி மூச்சு வாங்கும் குழந்தை ஆகியவற்றுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி எத்தனை தாய்மார்கள் போவார்கள்? செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் பிரிவிலிருந்து ஒரு டாக்டர், வாரத்தில் ஒரே கிழமை, ஒரே கடலோர சுகாதார நிலையத்தில், குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு அதே ஆள் வந்து உட்காரட்டும். யாரை முதலில் பார்க்க வேண்டும் என்ற பட்டியலைக் கிராமச் செவிலியர் கொடுப்பார். தாய்வீட்டிலிருந்து வரும் குழந்தையின் பிறப்புக் கதையை இரண்டு ஊர்ச் செவிலியர்களும் போனில் பேசிக்கொள்வதைக் கடமையாக்கி, அதற்கான நேரத்தையும் அவர்களுடைய வேலைக்கணக்கில் சேர்க்கட்டும். இதற்குப் புதுக் கட்டடம் எதுவும் வேண்டாம். சுகாதாரத் துறை ஓர் உத்தரவு போட்டு, ஓர் இடமாறுதலை நிறுத்தி வைத்தால் அடுத்த மாதமே தொடங்கலாம்.